புதிர் சைபரை உடைப்பது எப்படி: படியெடுப்பதிலிருந்து விடையைச் சோதிப்பது வரை

செய்தியை எழுத்து மாற்றியோ இடம் மாற்றியோ மறைத்து எழுதுவதுதான் சைபர். அப்படியொரு புதிர் கையில் கிடைத்ததும் புதியவர்கள் சாவிச்சொல்லை, அதாவது மறைக்கப் பயன்பட்ட ரகசியச் சொல்லை, ஊகிக்க உட்கார்ந்துவிடுகிறார்கள். 'சீக்ரெட்', 'பாஸ்வேர்ட்', புதிர் போட்டவரின் ஊர்ப்பெயர் என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தே இரண்டு மணி நேரம் கரைந்துவிடும். அது எந்த வகை சைபர் என்றே அப்போது தெரிந்திருக்காது. பூட்டைப் பார்க்காமலே சாவிக்கொத்தைக் குலுக்குகிற வேலை இது.

முதலில் படியெடுக்க வேண்டும், பிறகு எண்ண வேண்டும், பிறகு வகை பிரிக்க வேண்டும். உடைப்பது அதற்கும் பிறகுதான். இந்த வரிசை மாறினால் திறமை இருந்தும் பயனில்லை.

இந்த வழிகாட்டி கையால் உடைக்கக்கூடிய பழைய வகை சைபர்களுக்கானது. புதிர்களில் வருபவற்றில் பெரும்பாலானவை இவைதான். மூல வாசகம் (மறைக்கப்பட்ட செய்தி) ஆங்கிலம் என்று வைத்துக்கொண்டு எழுதியிருக்கிறோம். தமிழ் வாசகத்துக்கு 9-ஆம் பகுதியைப் பாருங்கள்.

## 1. தொடங்கும் முன் மேசையில் இருக்க வேண்டியவை

கட்டம் போட்ட நோட்டு, பென்சில், நல்ல அழிப்பான். பேனா வேண்டாம், ஒரு புதிருக்கு இருபது முறையாவது அழிக்க வேண்டிவரும். கணினியில் எக்செல் அல்லது வேறு ஏதாவது ஸ்ப்ரெட்ஷீட் போதும். கருவிகளில் சைபர்செஃப், கிரிப்டூல், டிகோட் தளம் ஆகிய மூன்றும் இலவசம். ஓர் எழுத்துக்குப் பல குறிகள் கொடுக்கும் ஹோமோஃபோனிக் வகைக்கு மட்டும் ஏஇசட்டிகிரிப்ட் என்ற மென்பொருள் தேவைப்படும்.

எழுத்துகளை எண்களாக்கிக்கொள்ளுங்கள்: ஏ என்பது 0, பி என்பது 1, இப்படியே போய் இசட் 25. கூட்டல் கழித்தல் எளிதாகும் என்பது ஒரு காரணம். இங்கே இன்னொரு காரணமும் உண்டு: ஆங்கில எழுத்துகளின் பெயரைத் தமிழில் எழுதினால் 3-ஆம் எண் எழுத்தும் 19-ஆம் எண் எழுத்தும் இரண்டுமே 'டி'தான். எண் குழப்பாது.

ஆங்கிலத்தில் எழுத்துகள் வரும் விகிதத்தை ஒரு துண்டுச்சீட்டில் எழுதி ஒட்டிவையுங்கள். ஈ(4) சுமார் 12.7 சதவீதம், டீ(19) 9.1, ஏ(0) 8.2, ஓ(14) 7.5, ஐ(8) 7.0, என்(13) 6.7, எஸ்(18) 6.3, எச்(7) 6.1, ஆர்(17) 6.0. அடிமட்டத்தில் ஜே(9), எக்ஸ்(23), கியூ(16), இசட்(25) நான்கும் 0.2 சதவீதத்துக்கும் கீழே. ஏ, ஈ, ஐ, ஓ, யு ஐந்து உயிரெழுத்தும் சேர்ந்து 38 சதவீதம்.

## 2. படியெடுத்தல்: இங்கே விட்ட பிழை கடைசிவரை துரத்தும்

படத்திலோ கல்வெட்டிலோ இருக்கும் சைபரை முதலில் எழுத்துக்கு எழுத்து நகலெடுக்க வேண்டும். ஓ-வும் சுழியும், ஐ-யும் ஒன்றும், சின்ன எல்-லும் ஒன்றும் மாறிப்போவது அன்றாடம் நடப்பது. படத்திலிருந்து எழுத்தைப் பிரிக்கும் மென்பொருளை நம்பவே வேண்டாம். அது ஆங்கிலச் சொல் வரும் என்று எதிர்பார்த்துப் படிக்கும், சைபரில் சொல்லே கிடையாது.

அசலில் வரி எங்கே முடிகிறதோ நகலிலும் அங்கேயே முடியுங்கள். வரியின் அகலமே துப்பாக இருக்கலாம். 1969-இல் சான் பிரான்சிஸ்கோ நாளிதழுக்கு ஸோடியாக் கொலையாளி அனுப்பிய 340 குறி சைபர், 17 பத்தி (மேலிருந்து கீழாக ஓடும் நெடுவரிசை) 20 வரியாக எழுதப்பட்டது. அந்தக் கட்டத்தைக் கலைத்து ஒரே வரியாக வைத்திருந்தவர்களுக்கு அதில் சாய்வாகப் படிக்கும் வழி கண்ணிலேயே பட்டிருக்காது.

எழுத்துக்குப் பதில் வரைகுறிகள் இருந்தால் ஒவ்வொரு புதுக் குறிக்கும் ஓர் இரட்டை இலக்க எண் கொடுங்கள்: 01, 02, 03. இரண்டு குறிகள் ஒன்றா வேறா என்ற சந்தேகம் வந்தால் வேறு என்றே வைத்துக்கொண்டு ஓரத்தில் ஒரு புள்ளி வையுங்கள். பிறகு இரண்டையும் சேர்ப்பது ஒரு நொடி வேலை. சேர்த்து எழுதியதைப் பிரிக்க வேண்டுமானால் அசலை முதலிலிருந்து மறுபடி பார்க்க வேண்டும்.

எழுதி முடித்ததும் கடைசி எழுத்திலிருந்து பின்னோக்கிச் சரிபாருங்கள். முன்னோக்கிப் படிக்கும்போது கண் பழக்கத்தில் தாவும், பின்னோக்கிப் போனால் தாவாது.

ஏன் இத்தனை கெடுபிடி? அமெரிக்காவின் லாங்லியில் சிஐஏ தலைமையக வளாகத்தில் 1990 முதல் நிற்கும் கிரிப்டோஸ் சிற்பத்தைப் பாருங்கள். அதன் இரண்டாம் பகுதியின் முடிவுக்குச் சற்று முன்னால் ஓர் எழுத்தைச் சிற்பி ஜிம் சான்போர்ன் விட்டுவிட்டார். சாவிச்சொல் ஓரிடம் தள்ளிப்போய், கடைசி எட்டு எழுத்து 'ஐடி பை ரோஸ்' என்று வந்தது. கேட்டால் ஏதோ அர்த்தம் இருப்பதுபோல் தொனிக்கும். 2006-இல் அவரே சொன்ன பிறகுதான் அது 'எக்ஸ் லேயர் டூ' என்பது தெரிந்தது. ஓர் எழுத்து விட்டுப்போனால் அந்த இடத்தோடு சேதம் நிற்காது, அதற்குப் பின்னால் இருப்பது முழுவதும் தள்ளிப்போகும்.

## 3. இது சைபரா, வெறும் குறியேற்றமா?

சாவியே இல்லாத குறியேற்றத்தைச் சைபர் என்று நினைத்து நாள்கணக்கில் மல்லுக்கட்டுவது உண்டு. ஐந்து நிமிடத்தில் இதைத் தீர்த்துவிடலாம்.

பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் இலக்கமும் கலந்து, நீளம் நான்கின் மடங்காகி, கடைசியில் சமக்குறி ஒன்றோ இரண்டோ இருந்தால் அது பேஸ்64. இலக்கங்களோடு ஏ முதல் எஃப் வரை மட்டும் வந்தால் ஹெக்ஸ். இரண்டே குறிகள் வந்து நீளம் ஐந்தின் மடங்கானால் பேக்கன் முறை (ஐந்து குறி சேர்ந்து ஓர் எழுத்து), எட்டின் மடங்கானால் பைனரி. 1 முதல் 26 வரையிலான எண்கள் மட்டும் என்றால் அகரவரிசை எண்ணாக இருக்கலாம். 1 முதல் 5 வரையிலான இலக்கங்கள் மட்டும், மொத்தம் இரட்டைப்படை என்றால் ஐந்துக்கு ஐந்து கட்டம். அங்கே இரண்டு இலக்கத்தை ஓர் எழுத்தாக மாற்றிக்கொண்டு அடுத்த படிக்குப் போங்கள்.

சைபர்செஃப்பில் 'மேஜிக்' என்றொரு செயல் இருக்கிறது. இந்த வகைகளில் பலவற்றை அதுவே கண்டுபிடித்துவிடும். உண்மையான சைபரை அதில் போட்டுவிட்டு விடை வரவில்லையே என்று காத்திருக்காதீர்கள்.

## 4. எண்ணுதல்: ஐந்து கணக்கு, ஒரே தாள்

ஒரு தாளில் இந்த ஐந்தையும் எழுதுங்கள். பின்னால் வரும் முடிவு எல்லாம் இந்தத் தாளைப் பார்த்துத்தான்.

மொத்த நீளம், அதன் காரணிகள். எத்தனை வேறுவேறு குறிகள். ஒவ்வொரு குறியும் எத்தனை முறை. மூன்றோ அதற்கு மேலோ எழுத்துள்ள தொடர்கள் திரும்ப வரும் இடங்கள். ஐந்தாவது, ஒத்திசைவு எண்.

ஒத்திசைவு எண் என்பது, வாசகத்திலிருந்து கண்ணை மூடிக்கொண்டு இரண்டு எழுத்தை எடுத்தால் இரண்டும் ஒரே எழுத்தாக இருக்கும் வாய்ப்பு. ஒவ்வோர் எழுத்தும் வந்த எண்ணிக்கையை அதிலிருந்து ஒன்று குறைத்த எண்ணால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டி, மொத்த நீளத்தை அதிலிருந்து ஒன்று குறைத்த எண்ணால் பெருக்கி வருவதால் வகுக்க வேண்டும். சாதாரண ஆங்கிலத்தில் இது 0.067-ஐ ஒட்டி வரும். 26 எழுத்தும் சரிசமமாக இறைந்து கிடந்தால் 0.0385.

கணக்கு எப்படிப் போகிறது என்பதற்கு 26 எழுத்துள்ள ஒரு சைபர். 7-ஆம் பகுதியில் இதையேதான் உடைக்கப்போகிறோம்:

3 12 25 23 3 / 21 8 14 23 24 / 21 22 6 7 18 / 8 16 24 10 21 / 17 1 8 18 5 / 4

இதில் 21-ம் 8-ம் மும்மூன்று முறை. 3, 23, 24, 18 இரண்டிரண்டு முறை. மற்றவை ஒவ்வொரு முறை. மும்முறைக்கு 3×2 = 6, அது இரண்டு, ஆக 12. இருமுறைக்கு 2×1 = 2, அது நான்கு, ஆக 8. ஒருமுறைக்கு 1×0, ஒன்றுமில்லை. கூட்டினால் 20. கீழே 26×25 = 650. வகுத்தால் 0.031.

சமமாக இறைந்ததைவிடவும் குறைவாக இருக்கிறதே என்று பதற வேண்டாம். 26 எழுத்துக்கு இந்த எண் அங்குமிங்கும் ஆடும். 50 எழுத்துக்குக் கீழே இதை நம்பி முடிவெடுக்கக் கூடாது, 100-க்கு மேல் நம்பலாம்.

## 5. வகை பிரித்தல்

தாளைப் பார்த்து இந்த வரிசையில் கேளுங்கள்.

குறிகள் 26-க்கு மேல் இருக்கின்றனவா? அப்படியானால் ஹோமோஃபோனிக்: ஈ போன்ற அடிக்கடி வரும் எழுத்துக்குப் பல குறிகளைக் கொடுத்து, எண்ணிக்கையை மட்டமாக்கிய வகை. 8-ஆம் பகுதிக்குப் போங்கள்.

ஒத்திசைவு எண் 0.06-க்கு மேலா? அப்படியானால் இரண்டே வாய்ப்பு. ஈ, டீ, ஏ தங்கள் இயல்பான உயரத்திலேயே இருந்து, ஜே, கியூ, எக்ஸ், இசட் தரையில் கிடந்தால் எழுத்து மாறவில்லை, இடம்தான் மாறியிருக்கிறது, இது இடமாற்று. உயரமும் பள்ளமும் இருந்தும் தவறான எழுத்துகளின் மேல் இருந்தால் ஒற்றைப் பதிலீடு, அதாவது ஒவ்வோர் எழுத்துக்கும் எப்போதும் ஒரே மாற்றெழுத்து. ஆங்கிலத்தில் எக்ஸ்தான் அதிகம் வருகிறது என்று எந்த வாசகமும் சொல்லாது.

0.038-க்கும் 0.045-க்கும் இடையிலா? விஜினேர் போன்ற பல அகரவரிசை முறை: சாவிச்சொல்லின் எழுத்தெண்களை மூலத்தின் எழுத்தெண்களோடு சுற்றிச் சுற்றிக் கூட்டுவது. சாவிச்சொல் 2 எழுத்தானால் இந்த எல்லையைத் தாண்டிச் சுமார் 0.053, 3 ஆனால் 0.048, 5 ஆனால் 0.044, 10 ஆனால் 0.041 என்று எதிர்பார்க்கலாம். இதை வைத்தே சாவியின் நீளத்தைச் சொல்லிவிட முயலாதீர்கள். 5-க்கும் 10-க்கும் உள்ள வித்தியாசம் சின்ன வாசகத்தின் ஆட்டத்துக்குள் அடங்கிவிடும்.

0.05 அருகிலா? எழுத்துகளை ஜோடி ஜோடியாக மாற்றும் பிளேஃபேர் முறையா என்று பாருங்கள். நீளம் இரட்டைப்படையாக இருக்க வேண்டும், ஜே வரக் கூடாது. முதல் எழுத்திலிருந்து இரண்டிரண்டாகப் பிரித்தால் எந்த ஜோடியிலும் ஒரே எழுத்து இரட்டித்து வரக் கூடாது. ஓர் இரட்டிப்பு வந்தாலும் பிளேஃபேர் இல்லை என்று அடித்துவிடலாம், படியெடுப்பில் பிழை இல்லை என்றால்.

## 6. ஒற்றைப் பதிலீடு

அமெரிக்க கிரிப்டோகிராம் சங்கத்தார் சொல் இடைவெளி விட்ட பதிலீட்டை அரிஸ்டோகிராட் என்றும், இடைவெளி நீக்கி ஐந்தைந்தாக எழுதியதைப் பேட்ரிஸ்டோகிராட் என்றும் சொல்வார்கள். முதல் வகையில் தொடங்குங்கள்.

அதிகம் வருவது ஈ-தான் என்று எழுதிவிடுவதுதான் இங்கே வழக்கமான சறுக்கல். நூறு எழுத்துக்குக் குறைவான வாசகத்தில் டீ-யோ ஏ-யோ முந்திக்கொள்வது சாதாரணம். எண்ணிக்கையைவிடச் சொல்லின் வடிவத்தை நம்புங்கள். தனியெழுத்துச் சொல் ஏ அல்லது ஐ. மேற்கமாவுக்குப் பின்னால் ஒற்றை எழுத்து வந்தால் பெரும்பாலும் எஸ் அல்லது டீ. 1-2-3-1 வடிவம் (ஒரே எண் என்றால் ஒரே எழுத்து) 'தட்'டாக இருக்கலாம், 1-2-3-4-2 வடிவம் 'விச்', 1-2-3-1-4-2 வடிவம் 'பீப்பிள்'. 1-2-3-4-3 வந்தால் 'தேர்' அல்லது 'வேர்', முதல் எழுத்துதான் வித்தியாசம்.

இடைவெளி இல்லாதபோது உயிரெழுத்தை முதலில் பிடியுங்கள். பலவகை எழுத்துகளோடு ஒட்டுவது உயிரெழுத்தின் குணம். அரிதாக வரும் எழுத்துகளின் இரு பக்கமும் யார் நிற்கிறார்கள் என்று பட்டியலிட்டால் உயிரெழுத்துகள் தாமாகவே மேலே வந்துவிடும்.

பாதி தேறியதும் 0 முதல் 25 வரை ஒரு வரியில் எழுதி, அதன் கீழ் ஒவ்வொன்றுக்கும் கிடைத்த சைபர் எழுத்தை எழுதுங்கள். பெரும்பாலான புதிர்களில் ஒரு சாவிச்சொல்லும் அதைத் தொடர்ந்து மீதி அகரவரிசையும் அங்கே தெரியும். மீதிப் பாதி இலவசம்.

## 7. விஜினேர்

### 7.1 சாவியின் நீளம்

திரும்ப வரும் மூவெழுத்துத் தொடர்களுக்கு இடையிலான தூரத்தை அளந்து பொதுக் காரணியைத் தேடுங்கள். தூரங்கள் 35, 60, 85, 42 என்று வந்தால் முதல் மூன்றுக்கும் 5 பொது. 42 தற்செயல். எல்லாத் தூரத்துக்கும் பொருந்தும் காரணி வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் விடை 1 என்று வந்து நிற்கும்.

இதைப் பத்தி முறையால் உறுதி செய்யுங்கள். 5 என்று நினைத்தால் வாசகத்தை ஐந்து பத்தியாக எழுதி ஒவ்வொரு பத்திக்கும் தனியாக ஒத்திசைவு எண் போட்டுச் சராசரி எடுங்கள். சரியான நீளத்தில் அது 0.06-க்கு மேல் குதிக்கும். 10-க்கும் 15-க்கும்கூடக் குதிக்கும், ஏனென்றால் அவை 5-இன் மடங்கு. குதிப்பவற்றில் சின்னதை எடுங்கள்.

### 7.2 ஒவ்வொரு பத்தியும் ஒரு சீசர்

ஒரு பத்தியில் உள்ள எழுத்து எல்லாம் ஒரே அளவு நகர்ந்தவை, இதைத்தான் சீசர் சைபர் என்பார்கள். அதிகம் வருவதை மட்டும் பார்க்காமல் முழு உருவத்தையும் பாருங்கள். ஆங்கிலத்தில் 0, 4, 8 என்று நான்கு நான்கு தள்ளி மூன்று மேடு. 17, 18, 19 என்று ஒட்டி நிற்கும் மூன்று மேடு. 20-இலிருந்து 25 வரை நீண்ட பள்ளம். இந்த உருவத்தை எவ்வளவு நகர்த்தினால் பத்தியின் எண்ணிக்கையோடு பொருந்துகிறதோ அதுவே சாவியின் எண். பத்திக்கு 15, 20 எழுத்தாவது இல்லாவிட்டால் உருவம் தெரியாது.

பத்திகளின் ஒத்திசைவு எண் உயர்ந்து நின்றும் எந்த நகர்த்தலும் பொருந்தவில்லை என்றால் அகரவரிசையே கலைந்திருக்கிறது என்று அர்த்தம். கிரிப்டோஸின் முதல் இரண்டு பகுதிகளும் அப்படித்தான்: அகரவரிசை 'கிரிப்டோஸ்' என்ற சொல்லில் தொடங்கும், சாவிச்சொற்கள் 'பாலிம்ப்செஸ்ட்', 'அப்சிஸ்ஸா'.

### 7.3 ஊகச்சொல்லை இழுத்துப் பார்த்தல்

4-ஆம் பகுதியில் கொடுத்த 26 எழுத்து சைபரில் ஓர் எழுத்து ஜோடிகூட இரண்டாம் முறை வரவில்லை. தூரம் அளக்க ஒன்றுமே இல்லை. இப்படிப்பட்ட குட்டி வாசகத்தில் மூலத்தில் இருக்கக்கூடிய ஒரு சொல்லை ஊகித்து, இடம் இடமாக நகர்த்திக் கழித்துப் பார்ப்பதுதான் வழி.

புதிரின் குறிப்பில் பாலம் ஒன்று வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஊகச்சொல் 'பிரிட்ஜ்': 1 17 8 3 6 4. சைபரின் முதல் ஆறிலிருந்து கழித்தால் 2 21 17 20 23 17. குப்பை. 14-ஆம் இடத்திலிருந்து கழித்தால் 6 1 0 13 18 6. இதுவும் குப்பை. 15-ஆம் இடத்தில்:

சைபர்: 18 8 16 24 10 21
ஊகம்: 1 17 8 3 6 4
மீதி: 17 17 8 21 4 17

எழுத்தாக்கினால் ஆர், ஆர், ஐ, வி, ஈ, ஆர். 'ரிவர்' என்ற ஐந்தெழுத்துச் சொல், அதற்கு முன்னால் முந்தைய சுற்றின் கடைசி எழுத்து. சாவியும் கிடைத்தது, நீளமும் கிடைத்தது. இந்த வாசகத்தில் 16-ஆம் இடம் ஒரு சுற்றின் தொடக்கம். 15-ஐ 5 வகுப்பதால் முதல் இடமும் சுற்றின் தொடக்கமே. 17 8 21 4 17 என்று முதலிலிருந்து கழித்துக்கொண்டே போனால் வருவது: 'மீட் மீ அட் த ஓல்ட் பிரிட்ஜ் அட் நூன்'.

மூலத்தில் 'அட்' இரண்டு முறை வருகிறது, 7-ஆம் இடத்திலும் 21-ஆம் இடத்திலும். சைபரில் ஒன்று 8 14, மற்றொன்று 17 1. இடைத்தூரம் 14, அது 5-இன் மடங்கில்லை. அதனால்தான் திரும்ப வந்ததே தெரியாமல் போனது.

ஊகச்சொல் சாவியைவிட நீளமாக இருந்தால் சுற்று கண்ணுக்குத் தெரியும். 'த' போன்ற மூவெழுத்துச் சொல்லை இழுத்தால் எல்லா இடத்திலும் ஏதோ ஒன்று பொருந்துவதுபோல் இருக்கும். ஆறெழுத்துக்குக் குறையாமல் எடுங்கள்.

### 7.4 இங்கே நடக்கும் தவறுகள்

கழித்தலில் எதிர்மறை வந்தால் 26 கூட்டுங்கள்: 8−17 = −9, அதோடு 26 சேர்த்தால் 17. எக்செல்லின் மீதிச் சூத்திரமும் பைத்தானும் இதைத் தாமே செய்யும். ஜாவாஸ்கிரிப்ட் செய்யாது, −9 என்றே வைத்துக்கொண்டு தொடரும்.

ஏ-யை 1 என்று எண்ணும் பழக்கம் இன்னொரு கண்ணி. மேலே கிடைத்த அதே 17 8 21 4 17 அப்போது கியூ, எச், யு, டி, கியூ என்று வரும். சாவி குப்பையாக வந்து மூலம் மட்டும் ஒழுங்காக வந்தால், சாவியின் எல்லா எழுத்தையும் ஒன்று தள்ளிப் பாருங்கள். அப்போதும் சொல் வரவில்லை என்றால் போஃபோர்ட் முறையை முயலுங்கள், அதில் சாவியிலிருந்து மூலத்தைக் கழித்திருப்பார்கள்.

சுற்றே எந்த நீளத்திலும் தெரியாமல் போனால் ஆட்டோகீ இருக்கலாம். சாவிச்சொல் ஒரு முறைதான் வரும், அதன் பிறகு மூல வாசகமே சாவியாகத் தொடரும்.

## 8. இடமாற்றும் கணினித் தேடலும்

இடமாற்று சைபரில் நீளத்தின் காரணிகள்தான் முதல் துப்பு. 60 எழுத்து என்றால் 6 பத்தி 10 வரியாகவும் 10 பத்தி 6 வரியாகவும் எழுதிப் பார்க்கலாம். சரியான அகலத்தில் ஒவ்வொரு வரியிலும் உயிரெழுத்து ஏறக்குறைய 40 சதவீதம் இருக்கும். 10 எழுத்து வரியில் நான்கு, ஏதோ ஒன்றில் மூன்று, ஐந்து. ஒரு வரியில் ஒன்றும் இன்னொன்றில் எட்டும் வந்தால் அகலம் தவறு. அகலம் கிடைத்ததும் கியூ இருக்கும் பத்தியைத் தேடுங்கள். அதன் வலப்புறம் யு இருக்கும் பத்திதான் வர வேண்டும், அங்கிருந்து ஒவ்வொன்றாக ஒட்டலாம்.

கடைசி வரி நிறையாத கட்டம்தான் புதியவர்களை வீழ்த்துவது. 62 எழுத்தை 10 பத்தியில் எழுதினால் இரண்டு பத்தியில் 7 எழுத்து, எட்டில் 6. எந்த இரண்டு நீளம் என்பது சாவியைப் பொறுத்தது. எல்லாப் பத்தியையும் சமமாக வெட்டினால் வரிகள் கோணிக்கொள்ளும்.

ஹோமோஃபோனிக் வகையைக் கையால் உடைக்க முடியும், ஆனால் இன்று யாரும் அப்படிச் செய்வதில்லை. மலையேற்றத் தேடல் என்ற முறை: ஒரு சாவியைக் குருட்டாம்போக்கில் எடுத்து, அதில் சின்ன மாற்றம் செய்து, வரும் வாசகத்தின் நாலெழுத்துத் தொடர்கள் எவ்வளவு ஆங்கிலம்போல் இருக்கின்றன என்று மதிப்பெண் போடுவது. மதிப்பெண் ஏறினால் மாற்றத்தை வைத்துக்கொள்வது, இறங்கினால் விட்டுவிடுவது. குன்றின் உச்சியில் சிக்கிக்கொண்டால் புதிய இடத்திலிருந்து தொடங்க வேண்டும். ஒரே முறை ஓடவிட்டு 'வரவில்லை' என்று மூடிவிடாதீர்கள். நூறு முறையாவது மறுதொடக்கம் வேண்டும்.

ஓடவிடும் முன் குறி வகைகளை நீளத்தால் வகுத்துப் பாருங்கள். ஸோடியாக்கின் முதல் சைபரில் 54 குறி, 408 நீளம்: 0.13. அதை 1969-இலேயே ஒரு பள்ளி ஆசிரியரும் அவர் மனைவியுமாகக் கையாலேயே உடைத்துவிட்டார்கள். இரண்டாவதில் 63 குறி, 340 நீளம்: 0.185. எண் ஏற ஏறத் தேடல் திணறும்.

அந்த 340 குறி சைபர் டேவிட் ஒரான்சாக், சாம் பிளேக், யார்ல் வான் ஐக்கே மூவர் கையில் 2020 டிசம்பரில் உடைந்தது. அதில் பதிலீட்டுக்கு மேலே இடமாற்றும் இருந்தது. சுமார் 6,50,000 விதமாகப் படிக்கும் வரிசைகளை உருவாக்கி, ஒவ்வொன்றையும் ஏஇசட்டிகிரிப்டில் ஓட்டினார்கள். ஒன்றில் மட்டும் 'கேஸ் சேம்பர்' போன்ற சில தொடர்கள் எட்டிப் பார்த்தன. அவற்றைப் பூட்டிவைத்து மீதியைத் தேடினார்கள். கட்டம் 9 வரி, 9 வரி, 2 வரி என்று மூன்றாகப் பிரிந்து, முதல் இரண்டிலும் ஒரு வரி கீழே, இரண்டு பத்தி வலப்புறம் என்று சாய்வாக ஓடியது. எழுதியவரே நடுவில் ஓரிடத்தில் பிசகியும் இருந்தார். துண்டு துண்டாக அர்த்தம் வரும்போது மொத்தத்தையும் தூக்கி எறியாமல், பொருந்தும் இடத்தைப் பூட்டிவிட்டு மீதியில் வேறு விதி இருக்கிறதா என்று பார்ப்பதுதான் அவர்களிடம் கற்க வேண்டிய உத்தி.

## 9. மூலம் தமிழாக இருந்தால்

எண்ணும் அலகை முதலில் முடிவு செய்யுங்கள். கருவிகள் யூனிகோட் குறியீடுகளை எண்ணும், எழுத்துகளை எண்ணாது. 'கொ' என்பது கணினிக்கு இரண்டு குறியீடு. சில இடங்களில் ஒற்றைக்கொம்பும் காலும் தனித்தனியாகச் சேமிக்கப்பட்டு மூன்று. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான், எண்ணிக்கை மட்டும் கெடும். எண்ணும் முன் வாசகத்தை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவாருங்கள், 'என்எஃப்சி' என்ற தேர்வு அதற்குத்தான்.

247 எழுத்தையும் தனித்தனிக் குறியாக எடுத்தால் சின்ன வாசகத்தில் எதுவும் திரும்ப வராது. உயிர்மெய்யைப் பிரித்து, 'க' என்பதை க், அ என்றும் 'கொ' என்பதை க், ஒ என்றும் எழுதினால் ஆய்தத்தோடு 31 அலகு. இப்படிப் பிரித்தால் மேலே சொன்ன எல்லாக் கணக்கும் வேலை செய்யும். சரிசமமாக இறைந்த வாசகத்தின் ஒத்திசைவு எண் அப்போது 0.0385 இல்லை, 31-இல் ஒன்று, அதாவது 0.032. இயல்பான தமிழுக்கான எண்ணை ஆங்கிலத்திடமிருந்து கடன் வாங்காதீர்கள். சில ஆயிரம் எழுத்துள்ள தமிழ்க் கட்டுரை ஒன்றை எடுத்து அதே முறையில் பிரித்து நீங்களே கணக்கிடுங்கள்.

## 10. விடை வந்த பிறகு

விடை சரியா என்று பார்க்க ஒரே வழி, உங்கள் சாவியையும் முறையையும் வைத்து மூலத்தை மறுபடி சைபராக்குவது. மூல சைபர் எழுத்துக்கு எழுத்து வர வேண்டும். வராத இடம் எத்தனை, ஒவ்வொன்றும் ஏன் என்று எழுதுங்கள். 'புதிர் போட்டவர் இங்கே தவறிவிட்டார்' என்பதை ஓரிரு முறை சொல்லலாம். வரிக்கு ஒரு முறை சொல்ல வேண்டிவந்தால் விடைதான் தவறு.

எழுத்தை வரிசை மாற்றிச் சொல் உருவாக்குவது, ஒரே குறிக்கு வசதிப்படி இரண்டு எழுத்து கொடுப்பது, சொற்களை நடுவில் சுருக்கிக்கொள்வது என்று சுதந்திரம் எடுத்துக்கொண்டால் எந்த சைபரிலிருந்தும் எந்த வாக்கியத்தையும் வரவழைக்கலாம். இசையமைப்பாளர் எட்வர்ட் எல்கர் 1897-இல் எழுதிய டொராபெல்லா குறிப்பில் 87 குறிகள்தான். அதற்கு வந்த விடைகள் பல, ஒன்றோடொன்று சம்பந்தமே இல்லாதவை.

ஒற்றைப் பதிலீட்டுக்குக் கணிதப்படி 28 எழுத்தாவது இருந்தால்தான் ஒரே விடை என்று சொல்ல இடமுண்டு. நடைமுறையில் அதைவிட நிறைய வேண்டும். ஸோடியாக் தன் பெயர் என்று சொல்லி அனுப்பிய சைபரில் 13 குறிகள்தான் இருக்கின்றன. அதில் எந்தப் பெயரைச் சொன்னாலும் நிரூபிக்க வழியில்லை, மறுக்கவும் வழியில்லை. அப்படிப்பட்டதில் நேரம் போடாதீர்கள்.

மற்றவர் பார்வைக்கு வைக்கும்போது நான்கும் ஒன்றாக இருக்கட்டும்: உங்கள் படியெடுப்பு, எண்ணிக்கைத் தாள், சாவியோடு முறை, மறுபடி சைபராக்கிய வரி. உடைக்க முடியாமல் உதவி கேட்கும்போதும் முதல் இரண்டோடு, முயன்று விட்ட வழிகளின் பட்டியலையும் சேருங்கள். வெறும் படத்தைப் போட்டு 'இது என்ன?' என்று கேட்டால், உதவ வருபவர் 2-ஆம் பகுதியிலிருந்து தொடங்க வேண்டும். பலர் அங்கேயே நகர்ந்துவிடுவார்கள். போட்டிப் புதிர் என்றால் கெடு முடியும்வரை சாவியை வெளியே சொல்லாதீர்கள், எந்த வகை சைபர் என்பதையும் சேர்த்து.